தைவானைக் காணோம்

குவோலியாங் காலையில் எழுந்தான். பல் துலக்கினான். சோயா பால் குடித்தான். நாளிதழைப் பிரித்தான்.

“என்னங்க! உலகப் படத்துல தைவானைக் காணோம்!” சாப்பாட்டு மேசையருகே மனைவி பெய்ஷான் அலறினாள்.

“அப்படியா?”

“ஜப்பான் இருக்கு, சீனா இருக்கு, நம்ம நாடு மட்டும் போச்சு! இதைக் காட்டித்தான் ‘உலகத்துல எங்களுக்கும் ஒரு இடம் வேணும்’னு செனட்டர்கிட்ட பேசணும். லாஸ் ஏஞ்சலிஸ் தைவான் சங்கத்தோட மானமே போயிடும்! பெய்ஜிங்காரன் நம்ம வீட்டுக்கே வந்துட்டானா?”

“செனட்டர் கவனிக்க மாட்டாரு. சின்னதுதானே?”

அவன் உதட்டோரம் பச்சை கிரீம் ஒட்டியிருந்தது.

“கூட்டத்துக்குச் செஞ்ச உலகப் படக் கேக்கைத் தொட்டீங்களா?”

“அந்தத் துண்டுல மட்டும்தான் அன்னாசி இருந்துச்சு. தனியா வேற இருந்துச்சா, கத்திகூடத் தேவைப்படல...”

“சின்னதா, தனியா இருந்தா வாயில போட்டுக்கலாம்னு நினைக்கிறவங்களை எதிர்த்துத்தாங்க இன்னிக்குக் கூட்டமே!”