யூகலிப்டஸ் தெளித்த படிக்கட்டு

எட்டு நாளாக யாருக்கும் தெரியாமல் செத்துக் கிடந்த பெரியவரின் அறையைக் கழுவ வந்தவள், மூக்குக்குக் கீழே யூகலிப்டஸ் தைலத்தைத் தடவிக்கொண்டாள். உடலை எடுத்துப் போயிருந்தார்கள். மெத்தையில் புழு நெளிந்தது.

வாசலிலேயே நின்ற மாடிவீட்டுக்காரர் கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டார்.

"மென்தால் தடவக்கூடாதா?"

"அது ஜில்லுன்னு மூக்கைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும் சார். நாத்தம் கூடத்தான் தெரியும். யூகலிப்டஸ்னா அதோட வாசனையே அமுக்கிடும்."

"அதான் பார்த்தேன். மென்தால் தடவினதும் எனக்குக் குடலைப் பிரட்டிடுச்சு. அப்புறம் என் சம்சாரம் யூகலிப்டஸ் வாங்கி படிக்கட்டு பூரா தெளிச்சா. நாலு நாள் ஓட்டிட்டோம்."

"கதவைத் தட்டிப் பார்க்கலையா?"

"எலி செத்திருக்கும்னு விட்டுட்டோம். தட்டினா, பிடிச்சு உட்கார வச்சுப் பேச ஆரம்பிச்சிடுவார்."

அவள் குனிந்து புழுவைக் கூட்டி அள்ளினாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"அவரோட சொந்தக்காரங்களுக்காவது சொல்லிட்டீங்களா?"

"தம்பிக்கு மட்டும்தான் சொல்லணும், போன் பண்ணிட்டேன்," என்றார் அவர். "அப்பாவுக்கு நாங்க ரெண்டே பசங்க."