நகம் இறங்கும் ஆழம்

அணையாமல் எரிய வேண்டிய ஒரு பித்தளைத் தூங்காவிளக்கு, கோயிலுக்குப் போகிற வழியில் பெயர் வெட்டிக்கொள்ள லேசர் மெஷினுக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. மெஷின் அதன் வயிற்றில் 'உபயம்: மாசிலாமணி' என்று ஒருமுறை ஒளியை ஓட்டியது. வாங்கிக் கொடுத்த மாசிலாமணி எழுத்தின் மேல் நகத்தை வைத்துப் பார்த்தார்.

"நகமே இறங்கலையே. இன்னும் ஆழமாப் போகட்டும்," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மெஷின் மறுபடி மறுபடி ஓட்டியது. பித்தளை பொடிப்பொடியாகப் பறந்தது.

"போதும்மா," என்றது மெஷின். "நீ எண்ணெய் தாங்கவேண்டியவ. தகடு மெலிஞ்சுக்கிட்டே வருது."

விளக்குக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "புளி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சே எத்தனையோ விளக்குல பேர் அழிஞ்சு போச்சு. என் மேல இருக்கிற பேராவது நிக்கட்டும். நீ வெட்டு."

மெஷின் வெட்டியது.

சன்னிதியில் தொங்கவிட்டு விளக்கை ஏற்றினார்கள். பூசை முடிவதற்குள் எண்ணெய் முழுக்க எழுத்து வழியாகவே கசிந்து இறங்கிவிட்டது. திரி கருகி அணைந்தது.

இருட்டில் மாசிலாமணி கையை நீட்டித் தன் பெயரைத் தடவித் தேடினார். நகம் நன்றாகவே இறங்கியது.