கெட்டிச் சத்தம்

தனப்பிரியா ஐந்து ரூபாய் நாணயத்தைக் கையில் எடுத்ததும், நான் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

தேய்க்க ஒன்றும் இல்லை. காது மட்டும் படகின் மேல் இருந்தது.

டொக், டொக், டொக்.

ஆறு மாதமாக இந்தச் சத்தம் கேட்டாலே டீக்கடைக்குப் போய்விடுவேன். இன்றைக்குப் போகவில்லை. இன்றைக்கு மாட்டப்போகிறாள்.

அஸ்தம்பட்டி தாண்டி எங்கள் பட்டறை. ஃபைபரில் தண்ணீர்த் தொட்டி, சறுக்குமரம், சின்னப் படகு எல்லாம் செய்வோம். படகின் சீட்டுகளுக்கு அடியிலும் இரண்டு பக்கச் சுவர்களிலும் ஃபோம் ஊற்ற வேண்டும். இரண்டு கெமிக்கலைக் கலந்து ஓட்டை வழியாக விட்டால் பொங்கி, அடைத்துக்கொண்டு, இறுகிவிடும். படகு நிறையத் தண்ணீர் ஏறினாலும் முங்கக் கூடாது, ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டும். அதுதான் விதி. உள்ளே காலி விட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியாது. நாணயத்தால் தட்டினால்தான் தெரியும்.

பதினாலு வருடமாக இந்தச் சேவியர் வைத்ததுதான் சட்டம். முதலாளி பாலசுந்தரம் ஏன், எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை. அப்புறம் திருச்செங்கோட்டிலிருந்து இவள் வந்தாள், டிப்ளமோ முடித்துவிட்டு, படகைத் தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலைக்கு. பக்கச் சுவர் ஊற்றுகிற கோகுல்ராஜின் வேலையில் முதல் வாரமே நாலு காலியைக் கண்டுபிடித்தாள். முதலாளிக்கு வாய் ஓயவில்லை. அது காதா மெஷினா என்றார். என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

வயிறு எரிந்தது எனக்கு. இதில் என்ன வெட்கம்? ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்கால் போட்டிருக்கும்போதுகூட அந்த டொக் டொக்தான் கேட்டது.

அதனால்தான் நேற்று முன் சீட்டில் பாதி மட்டும் ஊற்றினேன்.

தப்பாக நினைக்காதீர்கள். ஆற்றில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அக்கரைக்கு ஏற்றிப்போகிற படகு அது. அப்படியே அனுப்பிவிடுகிற பாவி இல்லை நான். அவள் கையெழுத்துப் போட்டதும் முதலாளிக்குத் தட்டிக் காட்டுவேன். அவள் மூஞ்சியை ஒருதரம் பார்ப்பேன். பிறகு நானே மீதியை ஊற்றி மூடிவிடுவேன். அவ்வளவுதான்.

டொக், டொக். எல்லாம் கெட்டிச் சத்தம். எங்கேயும் தயங்கவில்லை. பேனா மூடியைக் கழற்றுவது கேட்டது.

போட்டுவிட்டாள்.

வெளியே லாரி தயாராக நின்றது. முதலாளியைக் கூப்பிட்டு, எதற்கும் இந்த முன் சீட்டை ஒருதரம் தட்டிப் பாருங்களேன் என்றேன், ரொம்பப் பணிவாக. அவர் சாவிக்கொத்தால் தட்டினார்.

காலி டப்பா மாதிரி கேட்டது.

கோகுல்ராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டான். முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. இதுகூடக் கேட்காமல் என்னத்தைத் தட்டினாய், அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்று ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது என்று எல்லார் முன்னாலும் கத்தினார். நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்பது வரைக்கும் போய்விட்டார்.

எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே குளிர்ந்தது.

அவள் அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். எனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று கவலைப்படுகிற பார்வை.

"சீட் மூணும் சேவியர் அண்ணன் ஊத்துனதுங்க சார். அதை நான் எப்பவும் தட்டறதில்லீங்க."

முதலாளி அவள் கையிலிருந்த ஃபைலைப் பிடுங்கினார். பக்கச் சுவருக்கு நேரே டிக் இருந்தது. சீட்டுக்கு நேரே இல்லை. போன படகின் தாளைத் திருப்பினார். அதற்கு முந்தினதையும் பார்த்தார். ஆறு மாதத்துத் தாளையும் புரட்டினார்.

ஒவ்வொன்றிலும் சீட்டுக்கு நேரே, டிக் போட வேண்டிய கட்டத்தில், 'சேவியர் அண்ணன்' என்று எழுதியிருந்தாள்.