மாதாவின் கன்னம்

முருகைக்கல் மாதாவின் முகத்தில் பட்ட சத்தம் கோயில் வாசல் வரை கேட்டது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சிமியோன் மணிக்கயிற்றை விட்டுவிட்டு உள்ளே ஓடினார். சுரூபத்தின் இடது கன்னம் பிளந்திருந்தது. முன்னால் கல்லும் கையுமாக இராசமலர் நின்றாள்.

"ஐயோ, மாதாவை உடைச்சுப்போட்டாள்!"

அவ்வளவுதான். கரையில் நின்றவர்கள் துடுப்போடு வந்துவிட்டார்கள். முதலில் பாய்ந்தவன் மரியரட்ணம். அவளைக் கொண்டையில் பிடித்து இழுத்து முற்றத்து மணலில் போட்டான். விழுந்த அடியில் வளையல் நொறுங்கிக் கையெல்லாம் இரத்தம். அப்போதும் அவள் முகத்தை மூடியிருந்த சேலைத் தலைப்பை விடவில்லை.

"ஆரடி உன்னை ஏவிவிட்டது? கதையன்!"



ஊரின் கோபத்திலும் நியாயம் இருந்தது. அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலில் ஓடு விழுந்து இதே கன்னம் வெடித்து, பல வருஷமாக அப்படியே நின்ற மாதா. திருநாளுக்கென்று பட்டணத்திலிருந்து ஆள் கூட்டி வந்து, போன கிழமைதான் வெடிப்பைப் பூசி வர்ணம் தீட்டியிருந்தார்கள். என்ன வடிவு, என்ன வடிவு என்று ஊரே பூரித்துக்கொண்டிருந்தது. கீரிமலையில் முழுகி விபூதி பூசும் ஒரு சைவக்காரி வந்து அதை உடைப்பதா?

"உது தனி ஆளின்ரை வேலை இல்லை. அங்காலைக் கரைச் சைவக்காரர்தான் அனுப்பியிருக்கினம். வாருங்கோடா, அவங்கடை வள்ளங்களைக் கொளுத்துவம்!" என்று கத்தினான் மரியரட்ணம்.

மண்ணெண்ணெய் எடுக்க இரண்டு பேர் ஓடினார்கள். இப்படியான வேலைக்கு மட்டும் ஊரில் ஆள் பஞ்சம் இருப்பதில்லை.

"பொறுங்கோ!" சிமியோன் குறுக்கே விழுந்தார். "கலியாணம் கட்டி இஞ்சை வந்த நாள் துவங்கி, உந்தப் பிள்ளை புதன்கிழமை தவறாமல் வாறவள். மாதாவுக்கு முன்னாலை நிண்டு அழுதிட்டுப் போறவள். அவள் ஏன்..."

துடுப்புப் பிடி நெஞ்சில் இடித்தது. பாவம், கிழவர் மல்லாக்காய் விழுந்தார்.

சத்தம் கேட்டு மிசன் வீட்டிலிருந்து பங்குச் சுவாமியார் ஓடிவந்தார். அதே நேரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் புருஷன் நாகலிங்கமும் வந்தான். மனிசியைக் காப்பாற்ற வருகிறான் என்று வழிவிட்டார்கள்.

"என்ரை மானத்தை வாங்கிப்போட்டியேடி!"

அவளைத் தூக்கி நிறுத்தி ஓங்கி ஓர் அறை. அவள் சுருண்டு விழுந்தாள். தலைப்பு விலகியது.

இடது கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை ஒரு வெட்டு. பழைய தழும்பின் மேலேயே புதுக் காயம், இன்னும் காயாமல் இருந்தது. மரியரட்ணத்தின் துடுப்பு தானாகத் தாழ்ந்தது. நாகலிங்கம் மணலைப் பார்த்தான்.

சுவாமியார் அவள் பக்கத்தில் குந்தினார். "ஏன் பிள்ளை, மாதாவை அடிச்சனீ?"

இராசமலர் கோயிலுக்குள்ளே நின்ற மாதாவையே பார்த்தாள்.

"அவவுக்கு மட்டும் எப்பிடிச் சுவாமி ஆறினது?"