பரம்பரைக் கொழுப்பு

பரிசோதனைக் கூடத்தில் கொடுத்த உறையைப் பிரிக்க லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கை வரவில்லை.

பதினெட்டாம் மாடியில், காலுக்குக் கீழே இருட்டுக் குழி தெரிய நின்றுகொண்டு டீ குடிக்கிற மனிதர். இன்று ஒரு காகிதம் அவரைப் படுத்தி எடுத்தது.

உள்ளே இருப்பது மகளுடைய முடிவு.

அவருடையது போன மாதமே வந்துவிட்டது. நெஞ்சுவலி என்று போனவரின் ரத்தத்தில் லைப்போபுரோட்டீன்-ஏ என்றொரு கொழுப்பு எக்கச்சக்கமாக இருந்தது. எண்ணெயைக் குறைத்தாலும் இறங்காதாம், ஓடினாலும் இறங்காதாம். பெற்றவர்களிடமிருந்து பிறக்கும்போதே வந்து, ரத்தக் குழாய்களைச் சீக்கிரமே கிழடாக்கிவிடுமாம். அப்பா நாற்பத்தொன்பதிலும் அண்ணன் ஐம்பத்தொன்றிலும் ஏன் போனார்கள் என்பது அன்றுதான் புரிந்தது.

பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் பார்த்துவிடுங்கள் என்றார் டாக்டர். வர வாய்ப்பு பாதிக்குப் பாதி.

மனைவியிடம் மூச்சுவிடாமல் மகளைக் கூட்டிவந்து ரத்தம் கொடுக்கவைத்தார். ஒரு வாரமாகத் தூக்கமில்லை. பாதிக்குப் பாதி என்ற கணக்கில் அவருக்கு நம்பிக்கையே இல்லை. மகளின் முன்கோபம் அவருடையது. சாப்பிடும்போது ராகம் இழுப்பது அவருடையது. செருப்பை இடது பக்கமாகத் தேய்ப்பதுகூட அவரைப் போலவேதான். இத்தனையும் வந்த பிள்ளைக்கு இது மட்டும் வராமல் போகுமா?

பொறுத்துப் பார்த்த மகள் உறையை வாங்கிப் பிரித்தாள்.

இல்லை. துளிகூட அதிகமில்லை.

மூன்று முறை படித்தார். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கொடுத்து இன்னொரு முறை படிக்கச் சொன்னார். வாசலில் நின்ற காவலாளியைக் கட்டிப்பிடித்தார். எதற்கென்று தெரியாமலே காவலாளியும் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மனைவிக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். நம் வம்சத்துச் சாபம் நம் பெண்ணைத் தொடவில்லை என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

மறுமுனையில் மனைவி சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பிலேயே அழுதுவிட்டாள்.

“ஏங்க, மூணு மாசக் குழந்தையா அவளைக் காப்பகத்துலேருந்து கையெழுத்துப் போட்டுத் தூக்கிட்டு வந்தது நீங்கதானே?”

ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும். மறந்துபோனது அவர் ஒருவர்தான்.

தெரிந்துமா ஊசிக்குக் கையை நீட்டினாய் என்று கேட்டார்.

அவளுக்கும் வெட்கம் வந்துவிட்டது.

“நீங்க பயந்த பயத்துல, எனக்கும் இருக்கும்னே நினைச்சுட்டேம்ப்பா.”