இரட்டைக்கோடன் இளைத்த கதை

ஓர் ஆய்வுக்கூடத்தில், ஒரே கூண்டில் இரண்டு வெள்ளை எலிகள் இருந்தன. அடையாளத்துக்காக ஒருவன் வாலில் ஒரு மைக்கோடு, இன்னொருவன் வாலில் இரண்டு. பாகல் விதையிலிருந்து எடுத்த புரதம் புற்றுநோயைக் கரைக்குமா என்பது பிறகு. முதலில் அது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டுமே! அதனால் தினமும் காலையில் ஒற்றைக்கோடனுக்கு அந்த மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, இரட்டைக்கோடனுக்கு வெறும் உப்புத் தண்ணீர்.

இரட்டைக்கோடனுக்கு மனசு கேட்கவில்லை. 'பாகற்காய்க் கசப்பு மொத்தமும் இவன் உடம்புக்குள்ளே போகுதே' என்று உருகினான். தன் தீனியில் பாதியை நண்பன் பக்கம் தள்ளினான்.

"எனக்குப் பசியே இல்லடா, நீ தின்னு. மருந்து ஏறுற உடம்பு காயக்கூடாது."

பத்தாம் நாள் எடை பார்த்தார்கள். ஒற்றைக்கோடன் கொழுகொழுவென்று இருந்தான். இரட்டைக்கோடன் மூன்று கிராம் இளைத்திருந்தான். ஆராய்ச்சி செய்த வடிவழகி, உப்புத் தண்ணீர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"மருந்தால ஒரு கெடுதலும் இல்ல. இந்தத் தண்ணியிலதான் ஏதோ விஷம் கலந்திருக்கு போல. புது பாட்டில் எடுத்து, இன்னும் பத்து நாள் பார்ப்போம்."

கூண்டுக் கதவு சாத்தியதுதான் தாமதம், ஒற்றைக்கோடன் பதறிப்போய் ஓடிவந்தான்.

"கேட்டியாடா? இத்தனை நாளா உனக்குக் குத்துனது விஷமாம்! ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் தீனி முழுவதையும் இரட்டைக்கோடன் பக்கம் தள்ளினான்.

"எனக்குப் பசியே இல்லடா, நீ தின்னு."