கதவுக்குப் பின்னால் ஒரு சந்தேகம்

தென்காசிக்குப் பெண் பார்க்க வந்த அருமைநாயகம் கல்லூரியில் இங்கிலீஷ் விரிவுரையாளர். அவர் பஜ்ஜியில் கைவைத்தபோது, கதவுக்குப் பின்னாலிருந்து பெண் தங்கபுஷ்பத்தின் குரல் வந்தது.

"அப்பா, 'செட்'டுங்கிற வார்த்தைக்கு எத்தனை அர்த்தம்னு அவுககிட்ட கேளுங்க."

அருமைநாயகம் பஜ்ஜியை மறந்தே போனார். சூரியன் மறைவது செட், சிமிண்டு இறுகுவது செட், டென்னிஸில் ஒரு செட், ரேடியோவும் செட். வினைச்சொல் பழைய இங்கிலீஷ், கூட்டம் என்று பொருள்படும் பெயர்ச்சொல்லுக்கு மூலம் லத்தீன் என்று சீசன் அருவி மாதிரி ஒரு மணி நேரம் கொட்டினார்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லச் சொல்லுங்கப்பா."

"எம்புட்டு ஆசையாக் கேக்கா பாத்தியாலே!" மாப்பிள்ளையின் அம்மா பூரித்துப் போனாள்.

"கல்யாணம் முடிஞ்சதும் ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போயி மிச்ச அர்த்தத்தையும் சொல்லணும்மா" என்றபடியே அவர் பஸ் ஏறினார்.

வீட்டுக்குள் தங்கபுஷ்பம் நோட்டை மூடினாள்.

"இங்கிலீஷ் முடிஞ்சுதுப்பா."

அப்பா ஞானதுரை பஜ்ஜித் தட்டை எடுத்தார். "புதன்கிழமை திருவேங்கடத்து மாப்பிள்ளை வாராரு. கணக்கு வாத்தியாராம்."

"பி.யு.சி. பரீட்சை வெள்ளிக்கிழமைதானப்பா? வரச் சொல்லுங்க, அல்ஜீப்ராதான் பாக்கி."